கப்பல் திரும்புவதற்குள் காலிக்கோட்டை

கொழும்புத் துறைமுகத்தில் ஒரு பகல் மட்டும் தரித்துநிற்கும் பயணிகள் கப்பல்களின் சுற்றுலாப் பட்டியலில் காலிக்கோட்டை அநேகமாக எப்போதும் இருக்கும். கப்பல்காரர் ஒழுங்கு செய்யும் பஸ்ஸில் ஏறினால் வழிகாட்டி ஒருவர் கொடியைத் தூக்கிப் பிடித்தபடி முன்னே நடப்பார். 'ஒல்லாந்தர் கோட்டை' என்று பத்துத் தடவையாவது சொல்வார். வெளிச்சவீட்டடியில் படம் எடுக்க இருபது நிமிடம், மாணிக்கக்கல் கடையில் முக்கால் மணித்தியாலம், பிறகு திரும்பும் பயணம். சில சிறிய கப்பல்கள் காலி விரிகுடாவிலேயே நங்கூரமிட்டுப் படகில் ஆட்களை இறக்கும். அவர்களுக்கும் காட்டப்படுவது ஏறக்குறைய இதுதான்.

கனடாவிலிருந்து அப்படியொரு கப்பலில் வந்த உறவினர் குடும்பத்துக்காக நான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தனியாகப் போவது சிரமமே இல்லை. கோட்டைக்குள் நுழையக் கட்டணமும் இல்லை. மதிலும் தெருக்களும் எல்லோருக்கும் திறந்தவை. பார்க்க வேண்டியது நேரத்தை மட்டுந்தான். கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து கடலோரமாகப் போகும் ரயில் அழகானது, ஆனால் இரண்டரை மணித்தியாலமோ அதற்கு மேலோ எடுக்கும். தாமதமானால் கப்பல் காத்திராது. மாகும்புரவிலிருந்து அதிவேகப் பாதையால் போகும் பஸ் ஒன்றேகால் மணித்தியாலமளவில் காலிக்குக் கொண்டுபோய் விடும். துறைமுகத்திலிருந்து மாகும்புர வரையுள்ள நகர நெரிசல்தான் ஆபத்து.  ஆகவே கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்துக்கு மூன்றரை மணித்தியாலம் முன்னதாகவே காலியை விட்டுப் புறப்படுங்கள். ரயிலில் போக ஆசையுள்ளவர்கள் போகும்போது ரயிலையும் வரும்போது பஸ்ஸையும் பிடிக்கலாம்.

கப்பல் இரவு வரை நிற்குமானால் காலிக்குப் போக முன்னர் கொழும்பில் ஒரு வேலை இருக்கிறது. காலியின் மிக முக்கியமான கல் காலியில் இல்லை. அது கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

1911ஆம் ஆண்டு காலி நகரில், வீதியோரக் கால்வாய் ஒன்றுக்கு மூடியாகக் கவிழ்த்துப் போடப்பட்டிருந்த நிலையில் ஒரு பொறியியலாளரின் கண்ணில் பட்ட கல் அது. புரட்டிப் பார்த்தால் மூன்று மொழிகளில் எழுத்து: சீனம், தமிழ், பாரசீகம். சீன மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த கல். 1409ஆம் ஆண்டுக்குரிய திகதி பொறிக்கப்பட்டது. மூன்று பகுதிகளிலும் காணிக்கைப் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. 1000 பொன், 5000 வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய், விளக்கு, தூபக்கால் என்று அது நீள்கிறது. ஆனால் காணிக்கை யாருக்கு என்பதில் மூன்றும் மூன்று பக்கம் திரும்புகின்றன. சீனப் பகுதி புத்தரை வணங்குகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் புகழைச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரை, அதாவது மாத்தறைக்கு அப்பால் தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த திருமாலை, வணங்குகிறது. அந்தக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்துவிட்டார்கள்.

பக்தியால் மட்டும் செங் ஹே இந்தக் கல்லைச் சுமந்து வரவில்லை என்பது என் எண்ணம். அதே கடற்படை இலங்கையின் ஆட்சியாளர் ஒருவரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது. என்னைக் கவர்ந்தது வேறொன்று. ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் இருந்த அரசவை ஒன்று, இலங்கையின் தென்கரைத் துறைமுகத்தில் நாட்டப்போகும் கல்லுக்கு எந்த மொழிகள் வேண்டும் என்று யோசித்தபோது தமிழைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. சிங்களம் அதில் இல்லை. அந்தக் கரையில் அப்போது சிங்களம் பேசுவோர் இல்லை என்பதல்ல இதன் பொருள். துறைமுகத்தில் சரக்கைப் பேசி விலை தீர்ப்பவர்களின் மொழிகள் அவை என்பதே பொருள். வடக்கிலும் தெற்கிலும் இந்தக் கல்லைத் தத்தம் பக்கத்துக்குச் சாட்சிக்கு இழுப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

இதற்கு அறுபத்தைந்து வருடம் முன்பு, 1344இல், இபின் பதூதா இந்த வழியால் போயிருக்கிறார். தேவேந்திரமுனையிலிருந்து காலி என்ற சிறிய ஊருக்கு வந்ததாகவும், அங்கே இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் தன்னை உபசரித்ததாகவும் எழுதியிருக்கிறார். போர்த்துக்கேயர் வருவதற்கு நூற்றாண்டுக்கு மேல் முன்னரே இங்கே ஒரு துறைமுகமும், வெளியூர்க்காரரை வீட்டில் இருத்திச் சாப்பாடு கொடுக்கக்கூடிய வணிகர்களும் இருந்திருக்கிறார்கள். மதில் பின்னால் வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு கோட்டைக்குள் போனால் அது வேறு மாதிரித் தெரியும்.

காலி பஸ் நிலையத்தில் இறங்கியதும் எதிரே கிரிக்கெட் மைதானம், அதன் பின்னால் மதிலும் மணிக்கூட்டுக் கோபுரமும். எல்லோரும் நேரே தெரியும் பெரிய வாசலால் உள்ளே போவார்கள். அது ஆங்கிலேயர் 1873இல் மதிலை உடைத்துத் திறந்த வழி. நீங்கள் இடப்பக்கம் திரும்பித் துறைமுகப் பக்கமாக நடந்து பழைய வாசலுக்குப் போங்கள். விரிகுடாவில் படகால் இறங்குவோருக்கும் இதுதான் கிட்டிய வாசல். இறங்குதுறையிலிருந்து முச்சக்கர வண்டியில் சில நிமிடம்.

பழைய வாசலின் வெளிப்புறத்தில் பிரித்தானிய அரச சின்னம். வாசலைக் கடந்து உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம்: இரண்டு பக்கமும் சிங்கம், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. சேவல் ஏன் என்று கேட்டால், காலி என்ற பெயரைப் போர்த்துக்கேயர் தங்கள் மொழியில் சேவலைக் குறிக்கும் 'காலோ' என்று காதில் வாங்கிக்கொண்டார்கள் என்பார்கள். மாட்டுப்பட்டிக்குச் சிங்களத்தில் உள்ள சொல்லிலிருந்தே ஊர்ப்பெயர் வந்தது என்று சொல்வோரும் உண்டு. எப்படியோ, காதில் தப்பாக விழுந்த சேவல் முந்நூற்றைம்பது வருடமாகக் கல்லில் நிற்கிறது.

வாசல் ஒரு நீண்ட பண்டகசாலையின் அடியால் போகிறது. கறுவாவும் மிளகும் அடுக்கிய இடம். இப்போது கடல்சார் நூதனசாலை. 1659இல் இந்த விரிகுடாவிலேயே மூழ்கிய 'அவொண்ட்ஸ்டர்' என்ற ஒல்லாந்தக் கப்பல் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புவோர் உள்ளே போகலாம். அகழ்வு நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் 2004 ஆழிப்பேரலை வந்தது. மதிலுக்கு வெளியே இருந்த பஸ் நிலையமும் மைதானமும் நீருக்குள் போய்ப் பெருந்தொகையானோர் இறந்தார்கள். மதிலுக்கு உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். பீரங்கிக் குண்டுக்கென்று கட்டிய சுவர் கடலைத் தடுத்தது. மைதானத்தில் மீண்டும் டெஸ்ட் போட்டி நடந்தது 2007 டிசம்பரில்.

மதிலின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் தரைப்பக்கத்தை மட்டும் அடைத்துச் சுவரும் மூன்று கொத்தளங்களும் கட்டினார்கள். கடற்பக்கத்தைப் பாறைகள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். 1640 மார்ச் 13இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு உடன்பாடு செய்திருந்த ஒல்லாந்தர், தளபதி கொஸ்டரின் தலைமையில் கோட்டையைப் பிடித்தார்கள். பிடித்ததைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கின கதை என்று சிங்களத்தில் சொல்வது இதைத்தான். பிறகு நான்கு பக்கமும் சுவர் எழுப்பி 14 கொத்தளங்களோடு 52 ஹெக்டேயர் நகரத்தை முழுதாக அடைத்தார்கள். ஆங்கிலேயருக்கு 1796இல் கோட்டை கைமாறியது. யுனெஸ்கோ 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

நடுப்பகலில் மதிலில் ஏற வேண்டாம். அங்கே நிழல் என்று ஒன்று கிடையாது. முதலில் தெருக்கள்.

தெருப் பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டு நடப்பதே ஒரு படிப்பு. லெயின் பான் வீதி என்பது கப்பல் கயிறு திரித்த இடம். இன்றைய பெட்லர் வீதிக்கு ஒல்லாந்தர் வைத்த பெயரின் பொருள் சோனக வியாபாரிகளின் தெரு. பரவா வீதி என்று ஒன்று இருக்கிறது. வெளிநாட்டவர் அந்தப் பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எங்களில் பலரும் அப்படித்தான். தூத்துக்குடிக் கரையில் முத்துக் குளித்த, போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்கரான, தமிழ் பேசும் பரதவரின் பெயர் அது. ஒல்லாந்தரின் கோட்டை என்று சொல்லப்படும் ஊரின் நடுவில் அவர்களுக்கு ஒரு தெருவே இருந்திருக்கிறது.

இப்ராஹீம் கப்பல் தலைவரின் ஆட்களுக்கு என்ன நடந்தது? போர்த்துக்கேயர் 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களில் பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். ஒல்லாந்தரும் முஸ்லிம்களின் வணிகத்துக்கும் குடியிருப்புக்கும் கட்டுப்பாடு போட்டபடியே இருந்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் அவை தளர்ந்த பிறகு முஸ்லிம் குடும்பங்கள் கோட்டைக்குள் வீடு வாங்கத் தொடங்கின. வெளிச்சவீட்டுக்கு எதிரே நிற்கும் மீரான் பள்ளிவாசல் 1904இல் கட்டப்பட்டது. தூரத்தில் பார்ப்பவர் அதைத் தேவாலயம் என்றே நினைப்பார். இரட்டைக் கோபுரமும் ஐரோப்பிய முகப்பும் அப்படி. பிறை தெரிந்த பிறகுதான் விளங்கும். வெள்ளிக்கிழமை மதியம் போனால் கடைகள் பல பூட்டியிருக்கும், தெரு அமைதியாக இருக்கும். எனக்கு அந்த நேரந்தான் பிடிக்கும்.

இந்தக் குடும்பங்களின் வீட்டுமொழி தலைமுறை தலைமுறையாகத் தமிழ். திண்ணையில் இருந்த வயதான ஒரு ஹாஜியாரிடம் நான் சிங்களத்தில் வழி கேட்டேன். என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு, "தம்பி எந்த ஊரு? தமிழ்லயே பேசுங்களே" என்றார். அவரோடு அரை மணித்தியாலம் போய்விட்டது. "எங்கட வாப்பாட காலத்துல இந்தத் தெரு முழுக்க எங்கட ஆக்கள்தான். இப்ப ராவைக்கி வெளிச்சம் எரியிற ஊட்டை எண்ணிரலாம். மத்ததெல்லாம் ஹோட்டலு, இல்லாட்டிப் பூட்டுப் போட்டுக் கிடக்கு" என்றார். உள்ளேயிருந்து வந்த பேரன் அவரோடு சிங்களத்தில் பேசினான். அவர் தமிழில் பதில் சொன்னார். இரண்டு பேருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. பேரன் படிப்பது சிங்கள மொழிப் பாடசாலையில். தெற்கில் முஸ்லிம் பிள்ளைகள் பலருக்கு இப்போது அதுதான் நிலை.

வீடுகள் போன கதை அவர் சொன்னதைவிடப் பெரியது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர் வந்து கோட்டைக்குள் பழைய வீடுகளை வாங்கத் தொடங்கினார்கள். கூரை ஒழுகும் பழைய வீடு, நான்கைந்து பிள்ளைகளுக்குப் பங்கு, மரபுரிமை விதிகளால் தன் விருப்பத்துக்கு ஒரு சுவரைக்கூட மாற்றமுடியாத நிலை. அப்போது ஒருவர் வந்து பெரிய தொகையைச் சொன்னால் விற்காமல் என்ன செய்வது? விற்றவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அவர்களில் பலர் மதிலுக்கு வெளியே நல்ல வீடு கட்டியிருக்கிறார்கள். வாங்கியவர்கள் பலர் வீடுகளை நன்றாகத் திருத்தியும் இருக்கிறார்கள். தூண்களும் முன்விறாந்தைகளும் இன்று நேராக நிற்பதற்கு அந்தக் காசும் ஒரு காரணம். ஆனால் மரபுரிமைச் சட்டம் ஓட்டையும் சாளரத்தையும் காக்கிறது. அந்த வீட்டுக்குள் எந்த மொழியில் பிள்ளையைக் கூப்பிட்டார்கள் என்பதைக் காக்க அதில் இடமில்லை. 'உயிருள்ள கோட்டை' என்று சுற்றுலா விளம்பரங்கள் காலியைச் சொல்லும். அந்த உயிர் இந்தக் குடும்பங்கள்தான். அவர்கள் போய்விட்டால் மிச்சம் இருப்பது தங்குவிடுதிகளின் வரிசை.

கப்பல் பயணிகளால் காலி பிழைத்தது இது முதற்தடவையும் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கும் சீனாவுக்கும் போன நீராவிக் கப்பல்கள் தரித்த துறைமுகம் காலிதான். நிலக்கரி ஏற்றும் வரை பயணிகள் கரையில் இறங்கித் தெருக்களில் சுற்றுவார்கள். மாணிக்கக்கல், ஆமையோட்டுச் சீப்பு, பீரளு சரிகை விற்போர் அவர்களைச் சூழ்ந்துகொள்வார்கள். கப்பல் கொண்டுவந்த ஐரோப்பியச் செய்தியைக் கொழும்புப் பத்திரிகை ஒன்று புறாக் காலில் கட்டி எடுப்பித்த காலம் அது. ஒல்லாந்தரின் 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்று 1860களில் அந்தப் பயணிகளுக்கான ஹோட்டலாக மாறியது. சேர்ச் வீதியில் இன்றும் அது ஹோட்டல்தான். ஒரு தேநீருக்கு அங்கே கேட்கும் விலையில் பஸ் நிலையத்தடியில் இரண்டு பேர் மதியச் சாப்பாடு சாப்பிடலாம். பாறைகள் நிறைந்த, தென்மேற்குப் பருவக்காற்றுக்குத் திறந்த இந்த விரிகுடாவில் பெரிய கப்பல்களுக்கு எப்போதும் பயம். கொழும்பில் 1875இல் அலைதாங்கிக்கு அடிக்கல் வைத்தார்கள். பத்து வருடத்தில் அது முடிந்தது. கப்பல்கள் கொழும்புக்குப் போய்விட்டன. காலி நித்திரையாகிவிட்டது. அந்த நித்திரையால்தான் பழைய வீடுகள் இடிபடாமல் தப்பின. கொழும்புக் கோட்டையின் மதில்களை ஆங்கிலேயரே இடித்துவிட்டதை நினைத்துப் பாருங்கள்.

சேர்ச் வீதியில் 1755இல் முடிந்த ஒல்லாந்தத் தேவாலயம் இருக்கிறது. தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். மண்டையோடும் மணற்கடிகாரமும் செதுக்கிய சில கற்களைக் குனிந்து பார்க்கலாம். பத்து நிமிடம் போதும். நிலத்தடியில் ஒல்லாந்தர் செங்கல்லால் கட்டிய கழிவுநீர் வாய்க்கால்கள் இருக்கின்றன. கடல்நீர் ஏறி இறங்கும்போது தானாகவே கழுவப்படும்படி அமைத்தவை. கண்ணுக்குத் தெரியாதபடியால் வழிகாட்டிகள் சொல்வது குறைவு. ஆனால் கோட்டையில் ஒல்லாந்தரின் கெட்டித்தனத்தைப் பார்க்க விரும்புவோர் சின்னங்களை விட்டுவிட்டு இதைத்தான் நினைக்க வேண்டும்.

இரண்டு மணிக்குப் பிறகு வெயில் சாயத் தொடங்கும்போது மதிலில் ஏறுங்கள். தொடங்க வசதியான இடம் வெளிச்சவீட்டடி. 26 மீற்றருக்கு மேல் உயரமான இந்தக் கோபுரம் 1939இல் கட்டியது. அங்கிருந்து பள்ளிவாசலை வலப்பக்கம் விட்டுக் கொடிப்பாறைக் கொத்தளத்துக்குப் போங்கள். நுழையும் கப்பல்களுக்குப் பாறை இருக்கும் இடத்தைக் கொடியாலும் வெடியாலும் எச்சரித்த இடம். இப்போது அங்கிருந்து காசுக்குக் கடலில் குதிக்கும் இளைஞர்கள் நிற்பார்கள். கீழே பாறைக்கும் பாறைக்கும் நடுவில் தண்ணீர் மிகவும் ஒடுக்கம். பார்த்துவிட்டுக் காசு கொடுப்பதா, கொடுத்துக் குதிக்கவைப்பதா என்பது உங்கள் பாடு. நான் இரண்டும் செய்வதில்லை. பிறகு மேற்குப் பக்கம் கடலோரமாகப் புல் மூடிய மதில் நீள்கிறது. கைபிடிச் சுவர் பல இடங்களில் இல்லை. சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

வடக்கே திரும்பியதும் மதில் திடீரென்று தடிக்கிறது. போர்த்துக்கேயரின் பழைய மூன்று கொத்தளங்களை ஒல்லாந்தர் பெருப்பித்து நட்சத்திரம், சந்திரன், சூரியன் என்று பெயரிட்ட பக்கம் இது. சந்திரக் கொத்தளத்தில் மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. மருத்துவர் பி. டி. அந்தோனிஸைக் கௌரவித்து 1883இல் கட்டியது. அதன் கீழே நின்றால் ஒரு பக்கம் மைதானம், மறுபக்கம் ஓட்டுக் கூரைகள், வலப்பக்கம் விரிகுடா. டெஸ்ட் போட்டி நடக்கும் நாளென்றால் இந்த மதிலில் இடம் பிடிக்கக் காலையிலேயே வந்துவிடுவார்கள்.

தண்ணீர்ப் போத்தல், தொப்பி, பள்ளிவாசலுக்கும் விகாரைக்கும் ஏற்ற உடை, சில்லறைக் காசு ஆகியவை போதும். வெயிலைவிட மழைதான் திட்டத்தைக் குழப்பும். மே முதல் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மதிலில் நிற்க முடியாதபடி காற்று அடிக்கும், விரிகுடாவில் படகிறக்கவும் முடியாமற் போகலாம். டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதி. கடைகளில் சிங்களமும் ஆங்கிலமும் தாராளமாக ஓடும். தமிழில் கேட்டாலும் பதில் கிடைக்கும் வீடுகளும் கடைகளும் இன்னும் இருக்கின்றன, முதலில் அதில் கேட்டுப் பாருங்கள். மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலிருந்து பெரிய வாசலால் இறங்கினால் பஸ் நிலையம் ஐந்து நிமிட நடை. அதிவேகப் பாதை பஸ் இருக்கைகள் நிறைந்தால்தான் புறப்படும், வரிசை நீளமாக இருந்தால் அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.